எண்ணூறு டாலர் விலக்கு: மூடியது சரி, மூடிய விதம்?

2025 ஆகஸ்ட் 25. நவராத்திரிக்குச் சரியாக நான்கு வாரம். கொலு பொம்மையும் புடவையும் நியூ ஜெர்சிக்கும் டெக்சாஸுக்கும் கிளம்பும் பருவம். அன்றுதான் இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை வாங்குவதை நிறுத்தியது. மறுபடி வாங்கத் தொடங்கியபோது அக்டோபர் 15 ஆகிவிட்டது. தீபாவளிக்கு ஐந்தே நாள்.

இந்தியப் பொருள்களுக்கு டிரம்ப் அரசு விதித்த 50 சதவீத வரிதான் காரணம் என்று பலரும் நினைத்தார்கள். அஞ்சலை முடக்கியது அது அல்ல. 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்குத் தீர்வை கிடையாது என்ற 'டி மினிமிஸ்' விலக்கு ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் ரத்தானதுதான் காரணம்.

ரத்து செய்ததில் நியாயம் இருக்கிறது. 1938இல் வந்தபோது அந்த விலக்கின் வரம்பு ஒரு டாலர். வசூலிக்கும் செலவு வரியை விழுங்கிவிடும் என்ற சின்னக் கணக்குதான் அதன் அடிப்படை. 2016இல் வரம்பை 200இலிருந்து 800 டாலராக உயர்த்தியதும் கணக்கே மாறிப்போனது. 2015 நிதியாண்டில் சுமார் 13.9 கோடியாக இருந்த பார்சல்கள் 2024இல் 136 கோடியைத் தாண்டின. கன்டெய்னரில் சரக்கு இறக்கிய உள்ளூர்க் கடைக்காரர் தீர்வை கட்டினார். சீனாவிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பிய ஷீன், டெமு இணையக் கடைகள் கட்டவில்லை. பைடன் அரசும் இதைக் கட்டுப்படுத்த 2024 செப்டம்பரில் திட்டம் வைத்தது.

கோளாறு அவசரத்தில் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 2025 ஜூலையில் இயற்றிய சட்டம் விலக்கை முடிக்கக் குறித்த நாள் 2027 ஜூலை 1. அந்த மை காய்வதற்குள், ஜூலை 30இல் வந்த அதிபர் ஆணை முப்பதே நாள் கொடுத்தது. வரியை யார் வசூலிப்பது, எந்த வழியில் அமெரிக்கச் சுங்கத்துக்குக் கட்டுவது என்பது உலகின் அஞ்சல் துறைகளுக்குப் புரியவே இல்லை. 88 அஞ்சல் நிறுவனங்கள் சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின. இத்தனைக்கும் பிப்ரவரியில் ஒத்திகையே நடந்திருந்தது: சீனாவுக்கு மட்டும் விலக்கை நிறுத்தியபோது அமெரிக்க அஞ்சல் துறை சீனப் பார்சல்களை வாங்க மறுத்து, மறுநாளே பின்வாங்கியது. வசூல் ஏற்பாடு தயாராகும்வரை சீனாவுக்கான அந்த ரத்தையும் தள்ளிவைத்தார்கள்.

சிறு வியாபாரியின் தலைவலி வரியோடு முடிவதில்லை. ஒரே அட்டைப்பெட்டியில் பருத்திப் புடவை, பட்டு ரவிக்கைத் துணி, கண்ணாடி வளையல் என்று வைத்துக்கொள்வோம். கூரியரில் போனால் மூன்றுக்கும் தனித்தனி எச்.எஸ். எண் (சுங்க வகைப்பாட்டு எண்): பருத்தி 5208, பட்டு 5007, வளையல் 7018. எண்ணுக்கு எண் தீர்வை மாறும். எந்த நாட்டில் செய்தது என்றும் எழுத வேண்டும். சுங்க வேலைக்குக் கூரியர்காரர் கட்டணம் வேறு. வரி விலைக்கேற்ப ஏறும், இறங்கும். ஆவண வேலை அப்படியல்ல, இருபது டாலர் பெட்டிக்கும் எழுநூறு டாலர் பெட்டிக்கும் அது ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், அக்டோபரில் மீண்ட அஞ்சல்வழி கூரியரைவிட எளிதாக இருந்தது. அப்போது அறிவித்த மதிப்பில் ஒரே விகிதமாக 50 சதவீதம். பொருள்வாரித் தீர்வை இல்லை. அறுபது டாலர் கைத்தறிப் புடவைக்கு முப்பது டாலரை அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டியிருந்தது. கசப்பான தொகைதான், ஆனால் விலை சொல்லும்போதே தெரிந்துவிட்டது.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. எலி முன்பே வளை மாறிவிட்டது. சீனாவுக்கான விலக்கு மே 2இல் முடிந்தபோதே டெமு அமெரிக்காவுக்குள் இருந்த கிடங்குகளிலிருந்து விற்கத் தொடங்கியது. வீட்டுத் திண்ணையில் பெட்டி கட்டுகிறவருக்கு ஏது கிடங்கு?

ஐரோப்பிய ஒன்றியமும் இதே வேலையைச் செய்தது, நிதானமாக. 22 யூரோவரை இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை நீக்க 2017இல் முடிவெடுத்து, பதிவுக்கும் வசூலுக்கும் ஒரே வாசல் அமைத்து, 2021 ஜூலையில்தான் அமலாக்கினார்கள்.

அங்கும் அடுத்த கட்டம் தயார். 150 யூரோவுக்கு உட்பட்ட பார்சல்களில் பொருள் வகைக்கு 3 யூரோ தீர்வை 2026 ஜூலை 1 முதல் என்று 2025 டிசம்பரில் முடிவானது. வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பி விற்பவர்கள் தங்கள் சரக்கின் எச்.எஸ். எண்களை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் 'அன்பளிப்பு' என்று எழுதித் தப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.