டைல்ஸுக்குப் பின்னால்

குளியலறைச் சுவரில் டைல்ஸ் எவ்வளவு பளபளத்தாலும், இடுக்குகளில் நிரப்பிய சிமென்ட் கிரவுட் வழியே ஈரம் மெல்ல உள்ளே இறங்கும். அதைத் தடுப்பது பின்னால் இருக்கும் சாம்பல் நிறப் பூச்சு. பொடியையும் பாலிமர் திரவத்தையும் கட்டியில்லாமல் கலக்கி, நனைத்த சுவரில் பிரஷ்ஷால் முதல் பூச்சைக் கிடையாக இழுப்பார்கள். காய்ந்ததும் இரண்டாவதை நெடுக்காக. முதல் கை விட்ட ஊசித்துளையை இரண்டாம் கை அடைக்கும்.

கைதேர்ந்தவரை மூலையில் அடையாளம் காணலாம். சுவரும் தரையும் சேருமிடத்தில் கண்ணாடியிழை வலையைப் பதித்து, குழாய் வாயைச் சுற்றி இன்னொரு முறை தடவி, ஷவருக்கும் மேலே வரை ஏற்றியிருப்பார். பூச்சு இறுகியபின் தரையில் 24 மணி நேரமாவது தண்ணீரைத் தேக்கிவைத்து, கீழ்வீட்டு சீலிங்கை அண்ணாந்து பார்ப்பார். அப்புறம் எல்லாவற்றையும் டைல்ஸ் மூடிவிடும். மூடப்போகும் சுவருக்கு இத்தனை நேர்த்தி காட்டுபவரிடம் கூலிக்குப் பேரம் பேசக் கூடாது.