நாலு கால் நிழல்

கொல்கத்தாவின் சித்திரை வெயிலில் காரின் பானெட் தோசைக்கல்லாகக் கொதிக்கும். ஷாம்பு நுரை துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும், பாலிஷும் அப்படித்தான். வீடு தேடி வந்து கார் துலக்குபவருக்கு முதல் கருவி மடக்குப் பந்தலே. 3-க்கு 3 மீட்டர் போதாது. 2014 வரை உத்தர்பாராவில் உருவான அம்பாசிடரே சுமார் 4.3 மீட்டர் நீளம்; 3-க்கு 6 இருந்தால் நிழலிலேயே முழு வண்டியும் அடங்கும். துணி வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கட்டும். நீலத் துணிக்குக் கீழே வெள்ளைக் காரும் நீலம் பூசிக்கொள்ளும், மெல்லிய கீறல் கண்ணுக்குத் தப்பிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது, உச்சியில் காற்றை வெளியே விடும் திறப்பு. என்ன அழகான யோசனை! ஆனாலும் தார்ச்சாலையில் முளை அடிக்க முடியாது, நாலு காலிலும் மணல்மூட்டை கட்டியாக வேண்டும். வடமேற்கில் கால்பைசாகி என்னும் கோடைப் புயலின் மேகம் கறுத்தால், மூட்டையையும் நம்பாமல் மடக்கிவிடுவதே சரி.