தனித்தனியே கேட்ட செவி

ஜெர்மானிய ஆர்கன் இசைவாணர் ஹெல்முட் வால்காவைப் பற்றி எழுதப் புகுவோர் பலர், முதல் வரியில் அவர் கண்ணற்றவர் என்பர், இரண்டாம் வரியில் அவருடைய நினைவாற்றலை வியப்பர், அத்துடன் முடித்துவிடுவர். இசைக்கு அங்கே இடமில்லாமற் போகிறது. இரக்கத்தால் அளக்கப்படும் புகழ் புகழாகுமா? அவருடைய வாசிப்பின் சிறப்பு யாது, குறை யாது என ஆராய்வதே கலைஞனுக்கு நாம் செய்யும் மரியாதை.

வால்கா 1907-ஆம் ஆண்டு லைப்சிக் நகரிற் பிறந்தார். இளமையிலேயே பார்வையை முற்றும் இழந்தார். அந்நகரிலேயே குந்தர் ராமினிடம் ஆர்கன் பயின்று, 1929-இல் பிராங்பர்ட் சென்றார். 1991-இல் மறையும் வரை அவருடைய வாழ்வு அந்நகரிலேயே அமைந்தது.

ஆர்கன் என்பது காற்றைக் குழாய்களிற் செலுத்தி ஒலிக்கச் செய்யும் பெருங்கருவி. கைகளுக்குக் கட்டை வரிசைகள் உண்டு. கால்களுக்கும் மிதிகட்டைகள் உண்டு. ஆனால் விரலை ஓங்கி அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் குழாய் எழுப்பும் ஓசை ஒன்றே. ஆகவே, ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது, அடுத்ததற்கு முன் எவ்வளவு இடைவெளி விடுவது, எந்தக் குழாய் வரிசையைத் திறப்பது என்பவையே வாசிப்பவனின் முதன்மைக் கருவிகள்.

இக்கருவிக்கு யோஹான் செபாஸ்தியன் பாக் எழுதிய இசையோ பல குரல்கள் ஒருங்கே நடப்பது. நம் இசையில் ஒரே இன்னோசை ஆறுபோல் ஓடும். பாக்கின் இசையில் மூன்று, நான்கு ஆறுகள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடாமல் அருகருகே ஓடும். அவருடைய ஆறு டிரியோ சொனாட்டாக்களில் வலக்கைக்கு ஒரு குரல், இடக்கைக்கு ஒரு குரல், கால்களுக்கு ஒரு குரல். மூன்றில் எதுவும் மற்றதற்கு வேலையாள் அன்று.

இவற்றை வால்கா கற்ற முறை கருதத்தக்கது. பிறர் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே வாசித்துக் காட்டுவர். அவர் அதைக் கேட்டு உள்ளத்திற் பதித்துக்கொள்வார். பின்னர் எல்லாக் குரல்களையும் தாமே இணைப்பார். ஏட்டைப் பார்த்துப் பழகுபவனுக்கு மேற்குரல் எளிதிற் கைவசமாகும். நடுக்குரல் கூட்டத்தில் மறைந்துபோகும். வால்காவுக்கோ நடுக்குரலும் ஒரு முழுப் பாட்டாகவே வந்து சேர்ந்தது. அவருடைய வாசிப்பில் எக்குரலும் தன் மூச்சை விட்டு, தன் வழியே நடப்பதன் காரணம் இதுவே. இதனை நினைவாற்றல் என்று மட்டும் சொல்லிவிடலாகாது. இது கேட்கும் ஒழுக்கம்.

பாக்கின் ஆர்கன் படைப்புகளை அவர் இருமுறை இசைத்தட்டுகளிற் பதித்தார். முதல் தொகுதி 1947-இல் லூபெக் நகரில் தொடங்கி, 1952-இல் காப்பெல் சிற்றூரில் முடிந்தது. காப்பெலில் உள்ளது 1680-இல் ஆர்ப் ஷ்னிட்கர் அமைத்த ஆர்கன். இரண்டாம் தொகுதி 1956 முதல் 1971 வரை, ஹாலந்தின் அல்க்மாரிலும் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் பதிவாயிற்று. முழங்கி மயக்கும் பெருங்கருவிகளை விடுத்து, தெளிந்த குரலுடைய பழங்கருவிகளை அவர் நாடியது அவருடைய கொள்கைக்கு ஏற்றதே.

குறையும் கூறவேண்டும். அவருடைய காலநடை சில இடங்களில் நெகிழ மறுக்கிறது. ஆடற்களிப்பு ததும்ப வேண்டிய இடத்திலும் அவர் அளந்தே அடி வைக்கிறார். திடீர் எழுச்சியையும் திகைப்பையும் நாடும் செவிக்கு இது வறட்சியாகத் தோன்றலாம். எனினும், தம்மைக் காட்டிக்கொள்ளாமல் பாக்கின் கட்டுக்கோப்பைக் காட்டிய நேர்மைக்கு அவர் கொடுத்த விலை அது என்பேன்.

மனப்பாடத்தைக் குருட்டுப் பாடம் என்று பழிப்பது நம் ஆசிரியர் உலகில் வழக்கம். பொருள் பிரித்தறியாத மனப்பாடத்திற்கு அப்பழி தகும். பகுதி பகுதியாக அறிந்து, பின் முழுமை கண்டு நெஞ்சில் நிறுத்துவது வேறு. பார்வையிழந்த ஒருவர் இவ்வேற்றுமையைத் தம் வாழ்நாள் உழைப்பால் விளக்கிவிட்டார்.

அன்பர்கள் அந்தச் சொனாட்டாக்களில் ஒன்றை நான்குமுறை கேட்டுப் பார்க்கட்டும். முதன்முறை கால்களின் குரலை மட்டும் பின்தொடர்க, அடுத்து இடக்கை, அதன்பின் வலக்கை. நான்காம் முறை மூன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது, வால்காவின் கண்ணைப் பற்றி எவரும் பேசமாட்டார். அவருடைய செவியைப் பற்றியே பேசுவர்.