மெருகுக்கு முன் மரம்

நிறத்தைப் பற்றி நாரணாபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு என்று பட்டாசு மருந்துக் கலவையிலேயே நிறத்தைத் தீர்மானித்துப் பழகிய வட்டாரம் இது. ஆனால் இசைக்கருவியில் நிறம் பெரும்பாலும் மரத்தின் மேல் ஏறுகிறது. ஏறிய நிறம் மரத்தைக் காட்டவும் செய்யும், மறைக்கவும் செய்யும். கருவி செய்யும் மரபுகளை இந்த ஒன்றை வைத்தே நான் எடைபோடுவேன்.

நம்முடைய தஞ்சாவூர் வீணையிலிருந்து தொடங்கலாம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கருவி. மரம் பலா. அறுத்த புதிதில் பலாவின் வைரம் நல்ல மஞ்சள். பர்மா, தாய்லாந்து பிக்குகளின் காவிக்குச் சாயம் கொடுத்ததும் இந்த வைரம்தான். வெளிச்சமும் காற்றும் பட்டு ஆண்டுக்கணக்கில் அது பழுப்பாக முதிரும். ஆகவே இன்று பூசும் நிறத்தின் அடியில் மரம் தானே நிறம் மாறிக்கொண்டிருக்கும். ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கைத் துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் மெல்லிய மெருகு இந்த மாற்றத்துக்கு இடம் தருகிறது. கெட்டியான கரும்பழுப்புப் பூச்சில் அந்த அழகு தெரியாமலே போய்விடும்.

குடமும் தண்டியும் ஒரே கட்டையில் குடைந்தது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தது ஒட்டு வீணை. ஒட்டு வீணையில் குறை ஒன்றுமில்லை. நன்றாகப் பேசும் ஒட்டு வீணைகள் ஏராளம். ஆனால் ஒட்டை அடர்நிறத்தால் மூடி ஏகாந்தம் என்று விற்க முடியும் என்பதால்தான் நிறம் இங்கே நாணயம் சார்ந்த விஷயமாகிறது. பொப்பிலி வீணையும் ஒற்றைப் பலாக் கட்டைக்குப் பேர்போனது. மைசூரில் ஈட்டி மரத்தில் செய்யும் வீணைகளுக்குக் கருமை மரத்திலிருந்தே வருகிறது, சாயம் தேவையில்லை.

இதே வழக்கு அமெரிக்காவின் ஆர்ச்டாப் கிதாரிலும் உண்டு. வயலினைப் போல மேல்பலகையைச் செதுக்கி வளைத்த ஜாஸ் கிதார் அது. முன்பக்கம் ஸ்ப்ரூஸ், பின்பக்கம் மேப்பிள். லாயிட் லோர் பொறுப்பில் இருந்தபோது கிப்சன் நிறுவனம் 1922-ல் கொண்டுவந்த எல்-5, விளிம்பில் கருத்து நடுவில் தேன்நிறமாக வெளுக்கும் பழுப்பில் வந்தது. வயலினுக்குப் புகழ்பெற்ற கிரிமோனா நகரின் பெயரையே அந்த நிறத்துக்கு வைத்தார்கள். பார்க்க அழகு. விளிம்பில் மரம் சற்று மட்டமாக இருந்தாலும் கருமை அதை மூடிவிடும். 1930-களின் கடைசியில் சாயமே இல்லாத வெளிர்நிறக் கிதார்கள் வந்தபோது அந்தச் சலுகை போயிற்று. பிசிறில்லாத மரம் தேடித்தான் செய்தாக வேண்டும்.

அந்த வெளிர்நிறக் கிதார்களில் பூசிய லாக்கர் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தினால் கிடைப்பது. நைட்ரஜன் அதிகம் ஏறினால் அதுவே வெடிபஞ்சு. நம் பட்டாசுக்காரர்களுக்கு ஒருவகையில் பங்காளிச் சரக்கு. மெல்லிதாகப் பூசினால் பலகை தாராளமாக அதிரும், கனமாகப் பூசினால் நாதம் அடங்கிவிடும்.

நியூயார்க்கில் 1932-ல் கிதார் பட்டறை தொடங்கிய ஜான் டி'ஆஞ்சலிகோவின் சீடர் ஜிம்மி டி'அக்விஸ்டோ. அவர் 1990-களில் செய்த நீலக் கிதார் ஒன்றைக் கண்டு மயங்கிய ஸ்காட் சினரி என்ற சேகரிப்பாளர், 22 கலைஞர்களிடம் அதே நீலத்தில் ஆளுக்கொரு ஆர்ச்டாப் செய்யச் சொன்னார். நிறம் எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டதால் வளைவு, துளை, வால்பகுதி, தலை என ஒவ்வொருவர் கைவேலையும் தனித்தனியே துலங்கியது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அவை மக்கள் பார்வைக்கும் வைக்கப்பட்டன.

வீணையோ கிதாரோ, செய்யச் சொல்லிப் பணம் கொடுப்பவர் நிற அட்டையை முதலில் கேட்க வேண்டாம். மெருகு ஏறுமுன் பட்டறைக்குப் போய்க் கட்டையைப் பாருங்கள். ரேகை எப்படி ஓடுகிறது, ஒட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று ஆசாரியிடமே காட்டச் சொல்லுங்கள். அவர் சொல்லும் நிறத்தைக் கேட்டபிறகு உங்கள் விருப்பத்தைச் சொல்லலாம்.