பதிப்புரிமைத் தடையும் கருத்துரிமையும்
2012 மே மாதம் விமியோ, பேஸ்ட்பின், டெய்லிமோஷன் போன்ற தளங்கள் இந்தியாவின் பல இணையச் சேவைகளில் முடக்கப்பட்டன. '3' திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கோரிய தயாரிப்பு நிறுவனத்துக்கு, துறைமுகத்தை அடுத்துள்ள சென்னை உயர் நீதிமன்றம் அளித்த இடைக்காலத் தடையே இதற்கு அடிப்படை. திருட்டுப் பிரதி இருந்தது சில பக்கங்களில். மூடப்பட்டதோ முழுத் தளம். தம் சொந்தக் குறும்படத்தை அங்கு வைத்திருந்தவருக்கும் வழி அடைபட்டது. ஜூனில் நீதிமன்றம், குறிப்பிட்ட இணைய முகவரிகளை மட்டுமே தடுக்கலாம் எனத் தெளிவுபடுத்தியது.

அதே ஆண்டு திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான புகாரின் பேரில், நீதிமன்ற ஆணையின்றியே ஓர் இணைப்பை 21 நாள் வரை முடக்க வழிசெய்கிறது. விமர்சனத்துக்காகப் பிறர் படைப்பை நியாயமாகப் பயன்படுத்தலாம் என்பதும் அதே பிரிவுதான். ஆனால் முடக்கம் முதலில் வருகிறது. நியாயம் பிறகே கேட்கப்படுகிறது.

எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைச் சொன்ன 'சென்னை பொறம்போக்குப் பாடல்' 2017இல் இணையக் காணொலியாகவே பரவியது. ஆலைக் கழிவைக் காட்டும் இத்தகைய காணொலியில் நிறுவனத்தின் விளம்பரக் காட்சி சில நொடி இடம்பெற்றால், அதுவே புகாருக்குக் காரணமாகலாம். 21 நாளுக்குப் பின் காணொலி மீளலாம்; பேச வேண்டிய நேரம் மீளாது. விமர்சனப் படைப்புகளுக்கேனும் நீதிமன்ற ஆணைக்குப் பிறகே நீக்கம் என்பதே நியாயம்.