தண்ணீர் சுமந்தவர்களும் படைதான்

முதலாம் சிலுவைப் போரைப் பற்றிய பழைய வரலாறுகளைப் படிக்கும்போது, பெண்கள் எங்கே வருகிறார்கள், எங்கே மறைந்துபோகிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். மறையும் இடங்கள்தான் அந்நூல்களின் மனத்தை அதிகம் காட்டுகின்றன.

1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் ஜெருசலேம் பயணத்துக்கு அழைப்பு விடுத்தார். அப்படையோடு போன ஃபுல்ஷேர் என்ற பாதிரியார், பிரிவுக் காட்சியை உருக்கமாக எழுதியிருக்கிறார். கணவன் திரும்பி வருவதாக வாக்களிக்கிறான். உயிரோடிருப்பவனை இறந்தவனாக எண்ணி மனைவி அழுகிறாள். அந்தக் கண்ணீர், அவன் செய்யும் தியாகத்தின் அளவைக் காட்டவே பயன்படுகிறது. போகட்டுமா என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டும். 1096 செப்டம்பரில் போலோனியா மக்களுக்கு எழுதிய கடிதத்தில், மணமான இளைஞர்கள் மனைவியின் சம்மதமின்றிப் புறப்படக் கூடாது என்று அதே அர்பன் சொல்லியிருந்தார். 1201இல் போப் மூன்றாம் இன்னசென்ட் அந்தச் சம்மதம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார். பெண்களுக்குக் கண்ணீர் மிஞ்சியது, சொல் பறிபோனது.

அழுதவர்கள் எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிடவும் இல்லை. ஏராளமான பெண்கள் உடன் நடந்தார்கள். 1097 ஜூலை 1 அன்று டோரிலேயத்தில் துருக்கியர் சூழ்ந்துகொண்டபோது, போரிட்டவர்களுக்குப் பெண்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஊக்கமூட்டினார்கள் என்று, படையில் இருந்த பெயர் தெரியாத ஒருவர் எழுதிய நூல் நன்றியோடு பதிவு செய்கிறது.

அந்த நன்றி சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. அந்தியோக்கியா முற்றுகையில் பஞ்சம் வந்தது. பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று விளக்கம் சொல்லி, மணமானவர், ஆகாதவர் என்று பாராமல் பெண்களை முகாமிலிருந்து வெளியேற்றினார்கள். இதையும் ஃபுல்ஷேரே எழுதுகிறார். பாவம் என்றால் யாரோடு செய்த பாவம்? அந்த ஆண்கள் முகாமிலேயே இருந்தார்கள்.

1098 ஜூனில் கெர்போகாவின் படை தோற்றோடியது. கூடாரங்களில் அகப்பட்ட எதிரிப் பெண்களுக்கு ஃபிராங்குகள் வேறு தீங்கு செய்யவில்லை, வயிற்றில் ஈட்டியைப் பாய்ச்சியதோடு சரி என்கிறார் ஃபுல்ஷேர். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கம் இல்லை, பெருமைதான் தெரிகிறது. அவருடைய அகராதியில் தீங்கு என்பது ஆணின் தூய்மையைக் கெடுப்பது. கொலை அதைக் கெடுப்பதில்லை. தம் பெண்களை விரட்டியதற்கும் பிறர் பெண்களைக் கொன்றதற்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: பெண்ணின் உடல் ஆணின் புனிதத்துக்கு ஆபத்து. அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

பெண் எழுதியிருந்தால் மாறியிருக்குமா? ஒரு பெண் எழுதினார். இந்தப் படைகள் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு வந்தபோது பேரரசரின் மகள் அன்னா கொம்னேனேவுக்குப் பதின்மூன்று வயது. பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய நூலில், தளபதி பொஹிமண்டின் உயரம், தோள், முடி, சிரிப்பில் தெரிந்த மிரட்டல் என்று ஒவ்வொன்றாக அளக்கிறார். ஆணுடலைப் பெண் பார்த்து எழுதிய அந்தப் பகுதியை வாசிப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி. ஆனால் துறவி பீட்டரின் பின்னால் நடந்துவந்த ஏழைப் பெண்கள் அவர் கண்ணுக்கும் ஒரு திரள்தான். ஒருத்திக்கும் முகம் இல்லை. அரண்மனையிலிருந்து பார்க்கும் கண், அது பெண்ணின் கண்ணாக இருந்தாலும், தெருவை அவ்வளவுதான் பார்க்கிறது.

சிலுவைப் போர்ப் படையின் எண்ணிக்கையைப் பேசும்போது இன்றும் வீரர்கள் ஒரு பக்கம், ‘போரிடாதவர்கள்’ மறுபக்கம் என்று பிரிக்கிறோம். ஜூலை வெயிலில், அம்பு பாய்ந்துகொண்டிருந்த களத்தில் தண்ணீர் சுமந்தவளை எந்தப் பக்கம் வைப்பது? அவளையும் படை என்று எழுதினால், அவளை விரட்டியதைத் தூய்மைச் சடங்கு என்று சொல்ல முடியாது. தன் படையில் ஒரு பகுதியைப் பட்டினிக் காலத்தில் கைவிட்ட துரோகம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.