பொறி பிறக்கும் நேரம்

1983-ல் இந்தியாவுக்கு வந்த ராஜ்தூத் 350 வண்டியில் இரண்டு சிலிண்டருக்கும் பொறியைத் தூண்டத் தனித்தனி பாயின்ட். தேயத் தேய டைமிங் நழுவும். ஃபீலர் கேஜும் கையுமாக உட்கார வேண்டும். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பொறி அதே இடத்தில்தான்.

புரோகிராமபிள் இக்னிஷன் பெட்டி இதை மாற்றிவிடுகிறது. நடுவேகத்தில் பொறியை முந்தவிட்டு, உச்சத்தில் பிந்தவைக்கலாம். சைலன்சருக்குள் சூடு ஏறி, டூ ஸ்ட்ரோக் இன்னும் கொஞ்சம் மேலே பாடும். பெட்டியைப் பொருத்தும்போது, பிளக் துளையில் டயல் கேஜை இறக்கி, பிஸ்டன் உச்சியைத் தொட்டதும் முள் ஒரு கணம் நின்று திரும்புவதைப் பார்ப்பது தனி சுகம். பிறகு ஸ்ட்ரோப் விளக்கை அடித்தால், சுழலும் ரோட்டரின் குறி அப்படியே நிற்கும்!

கழற்றிய பாயின்ட் தட்டை எறிந்துவிடாதீர்கள். துடைத்து, எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள்.